நஸ்ரினின் நான்கு பின்கள்

எங்கள் தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை. காலையில் பால் வாங்கப் போகிற நேரத்தில் கடைக்காரர் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று காற்றில் காட்டிக்கொண்டிருப்பார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கும். கை சட்டைப்பையைத் தடவி, பேனா, சாவி, சில்லறை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கிவிடும். நடுத்தெருவில் நின்று சுதாரித்துக்கொள்வேன். வேலையை நான் விட்டுவிட்டேன். என் உடம்பு இன்னும் விடவில்லை.

போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் கார்த்தி போன் செய்தான். நான் தோள்பட்டை போய் விருப்ப ஓய்வில் வந்த பிறகு என் இடத்துக்கு வந்தவன். இப்போது காட்டுப்பள்ளிக்கு மாறிவிட்ட எங்கள் கம்பெனிக்கு அவன்தான் பொறுப்பு. ஒரு கல்லூரியிலிருந்து கேட்கிறார்களாம், ஒரு பருவம் முழுக்க மாணவர்களை வேலைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று. அதில் பாதிப் பேர் பெண்கள். பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்றால் இரண்டே வார்த்தை சொல்கிறார்கள்.

"அது இன்னாண்ணா பின்னு கேஸு? கேட்டா சிரிக்கிறானுங்க, சொல்ல மாட்டேன்றானுங்க."

போனில் சொல்கிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். கார்த்தி, இதுதான் அது.

ராயபுரத்தில், துறைமுகச் சுவரை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் எங்கள் வேலை. கப்பல் மூழ்கினால் கடலில் வீசுவார்களே, விழுந்த வேகத்தில் தானாக ஊதிக்கொள்ளும் ரப்பர் படகு, அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்துக் கொடுப்பது. நாங்கள் ராஃப்ட் என்போம். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கப்பலின் ராஃப்ட்டும் கரைக்கு வந்தாக வேண்டும். வெள்ளைப் பீப்பாய்க்குள் சுருண்டு படுத்திருக்கும். திறந்து, காற்று நிரப்பி, தையல் தையலாகப் பார்த்து, உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பொட்டலம், பிஸ்கட், வெளிச்சக் குச்சி எல்லாவற்றுக்கும் தேதி பார்த்து மாற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து, பவுடர் தூவி, மடிப்பு மேல் மடிப்பாக மடித்து மறுபடி பீப்பாய்க்குள் தூங்க வைப்போம். தொழிற்பயிற்சி முடித்த கையோடு உள்ளே போனேன். இளமை அந்தப் பவுடரிலேயே போயிற்று. வீட்டுக்குத் திரும்பினால் என் மகள் என்னை மாவு மில்லுக்காரர் என்பாள்.

எனக்கு மேலே சேவியர் சார். ராயபுரத்துக்காரர். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சேவியர் சார் மீசை வைத்ததே இல்லை. காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, பின்புறக் குழாயடியில் கண்ணாடித் துண்டை மாட்டிக்கொண்டு முகம் மழிப்பார். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்தான். அதற்கும் முன்னால் அவர் கன்னத்தைத் தையல் மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். கண்கள் மூடியிருக்கும். தூங்குகிற குழந்தையின் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற தாயைப் போல இருக்கும். ஓரிடத்தில் நிற்பார். விரலால் தட்டுவார். அங்கே சோப்புத் தண்ணீர் வைத்தால் குமிழி வரும்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள். ஒன்று தட்டு. மடிக்கும் அறை வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு மோதிரம், வாட்ச், சாவி, பேனா, கொண்டை ஊசி, தாயத்து எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது அவரே தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார். ஒவ்வொருவரிடமும் நீட்டி, "சரியா கீதா?" என்பார். அவரவர் பொருளை எண்ணிப் பார்த்து, "சரியா கீது" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வழி. தலையாட்டினால் போதாது. எங்களோடு மடிக்கிற டில்லி ஒரு நாள் விளையாட்டுக்கு, "என் மனசு காணோம் சார்" என்றான். சிரிக்காமல் அவனை மறுபடி உள்ளே அனுப்பி அறை முழுக்கப் பெருக்க வைத்தார்.

காரணம் இருக்கிறது. மடிப்புக்குள் ஒரு சின்ன ஊசி தங்கிவிட்டால் மடித்த நிலையில் ஒன்றும் தெரியாது. கடலில் வீசி, சிலிண்டர் திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் ஊதும்போதுதான் அது குத்தும். அப்போது அதைப் பார்க்க நாங்கள் யாரும் அங்கே இருக்க மாட்டோம்.

இன்னொரு வழக்கம், புதிதாக வருகிறவர்களை ஊதிய ராஃப்ட்டுக்குள் உட்கார வைத்துக் கூரைத் துணியை மூடிவிடுவது. அவரும் கூடவே உட்காருவார். உள்ளே ஆரஞ்சு நிற இருட்டு. ரப்பரும் வியர்வையும் கலந்த நெடி. பேச மாட்டார். மூச்சு முட்டுகிறது என்று நாம் நினைக்கத் தொடங்கும்போது திறந்துவிடுவார். என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார். வெளியே வந்து வானத்தைப் பார்த்தபோது துறைமுகப் புகைகூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

மாணவர்கள் அதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். அனுப்புகிற கல்லூரிக்கு வருகைப் பதிவு வேண்டும், வருகிறவனுக்குக் கையெழுத்து வேண்டும், வாங்குகிற கம்பெனிக்குக் கை வேண்டும். பெரும்பாலான இடங்களில் பயிற்சி என்றால் டீ வாங்கி வருவது, ஜெராக்ஸ் எடுப்பது, பழைய சாமான்களை அடுக்குவது. எங்கள் முதலாளியைக் கேப்டன் என்போம், முன்னாளில் கப்பலில் இருந்தவர். கெட்டவர் இல்லை. விருந்தாளி வந்தால் சாஸரோடு கப் எடுக்கச் சொல்வார். கல்லூரி மாணவர்கள் கம்பெனிக்குள் நடமாடுவது அவருக்கு ஒரு கௌரவம். அதற்குமேல் யோசிக்க மாட்டார். சேவியர் சார்தான், வந்த பிள்ளையை வேடிக்கை பார்க்க விட்டால் அது பாவம் என்று, வேலையைக் கையில் கொடுப்பார்.

அந்த வருஷம் வந்தவர்களில் நஸ்ரின் மட்டும் பெண். தண்டையார்பேட்டை. அவள் அத்தா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இந்தப் பயிற்சி முடிந்து கம்பெனி திருப்தி என்று எழுதினால்தான் அந்தப் பருவம் தேறும், தேறினால்தான் பட்டம். வந்த அன்றே அவள் இதை என்னிடம் சொல்லிவிட்டாள், கடன் கேட்க வந்தவரைப் போலக் கூச்சத்தோடு.

தலைத்துணியை நான்கு பின்களால் குத்தியிருந்தாள். நீலத் தலை வைத்த சின்னப் பின்கள். சேவியர் சார் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். துணியை எடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பின்னை விடவும் முடியாது.

"நீயே ஒரு வழி சொல்லும்மா" என்றார்.

அவள் பின்களை உருவித் தட்டில் வைத்தாள். துணியின் இரண்டு முனைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டு உள்ளே செருகினாள். தலையை இப்படி அப்படி ஆட்டிக் காட்டினாள். அசையவில்லை. சேவியர் சார் முகத்தில் அரிதாக வருகிற ஒரு வெளிச்சம் வந்தது. அன்று முதல் தினமும் காலையில் நான்கு பின்கள் தட்டுக்குப் போகும். சாயங்காலம், "சரியா கீதா?", "சரியா இருக்கு சார்." சில வாரங்களில் அவளும், "சரியா கீது சார்" என்று எங்கள் பாஷைக்கே வந்துவிட்டாள். காலேஜ் பொண்ணையே கெடுத்துட்டோம் என்று டில்லி பெருமைப்பட்டான்.

ராஃப்ட்டுக்குள் உட்கார்ந்த அன்று நானும் கூட இருந்தேன். எல்லோரும் அந்த இருட்டில் வாயடைத்துப் போவார்கள். இவள் மட்டும் பேசினாள்.

"நாம மடிச்ச ராஃப்ட்டுல யாராச்சும் நெஜமா உக்காந்து உயிர் பொழைச்சிருக்காங்களா சார்?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "யாரும் திரும்பி வந்து நம்மாண்ட சொன்னதில்ல. தெரியாமயே செய்ற வேல இது."

மடிப்பில் அவள் கை சுத்தம். உம்மா தையல்காரி, துணியின் ஓட்டம் பிறவியிலேயே தெரியும் போல. என் முப்பது வருஷத்து மடிப்பில் வராத ஒரு தணிவு அவள் மடிப்பில் வந்தது. இதை நான் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

இனி அந்த நாள். எண்ணூரில் நிற்கிற ஒரு சரக்குக் கப்பலின் ராஃப்ட், மறுநாள் அது கிளம்புகிறது. சோதனை எல்லாம் முடிந்து மடிப்பு பாதியில் இருந்தது. முதல் லாரியில் ஏறிய வேறு ராஃப்ட்டோடு சேவியர் சார் துறைமுகத்துக்குப் போய்விட்டார். நான் பின்கட்டில் சிலிண்டர் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கேப்டன் ஒரு போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரியில் ஒரு விழா, பயிற்சி தரும் கம்பெனிகளின் படங்களை வைக்கப் போகிறார்கள். நஸ்ரினைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். பெண் பிள்ளை, ஆரஞ்சு ராஃப்ட், அருமையான படம். ஆனால் முடிச்சுப் போட்ட தலைத்துணி வியர்வையில் கசங்கியிருந்தது. அழகாகக் குத்திக்கொள்ளச் சொன்னார். அவள் தயங்கினாளாம், தட்டைக் காட்டினாளாம். ஒரு நிமிஷம்தானேம்மா என்று தட்டை அவரே எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். டில்லி பார்த்துச் சொன்னது இது.

அவள் குத்திக்கொண்டாள். ராஃப்ட்டின் மேல் கை வைத்துச் சிரித்தாள். படம் எடுத்தார்கள். இப்படி நில், அப்படி நில் என்றார்கள். முடிந்ததும் அவள் பின்களை உருவித் தட்டில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். லாரி காத்திருந்தது. மடித்தோம், பீப்பாயை மூடினோம், பட்டை கட்டினோம். ராஃப்ட் எண்ணூர் போயிற்று. சேவியர் சார் துறைமுகத்திலிருந்து அப்படியே எண்ணூர் போய், சரியென்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்க யாரும் இல்லை. அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டோம். அவள் பின்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்குப் போன்.

"அண்ணே, ஒரு பின்னு காணோம். மூணுதான் இருக்கு."

"வூட்ல நல்லா தேடுனியா?"

"பைய கொட்டிப் பாத்துட்டேன்."

"பஸ்ல உழுந்திருக்கும், போ."

"உழுந்திருக்கலாம்ணே. தெரியலையே."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சில்லறைக்கு டஜன் கிடைக்கிற பின். பட்டம் போகும் என்று தெரிந்துதான் போன் செய்திருக்கிறாள். சேவியர் சாரின் வீட்டுக்கு நடந்தேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

"நீ கேட்டியா, அவளே சொன்னாளா?"

"அவளேதான் சார்."

சட்டையை மாட்டிக்கொண்டார். கேப்டன் வீட்டு வரவேற்பறையில் சாஸரோடு டீ வந்தது. சேவியர் சார் தொடவில்லை. பஸ்ஸில்தான் விழுந்திருக்கும் என்றார் கேப்டன். இருக்கலாம் என்றார் இவர். அப்புறம் என்ன என்றார் அவர்.

"இருக்கலாம்னு எழுதி கையெழுத்து போட அந்த சர்டிபிகேட்ல எடம் இல்ல சார்."

கேப்டன் வாதாடிப் பார்த்தார். நல்ல வாடிக்கைக்காரன், கப்பல் நேரம் தவறினால் இனி நம் வாசல் மிதிக்க மாட்டான் என்றார். அது உண்மைதான். சேவியர் சார் அங்கேயே, அவர் எதிரிலேயே, கப்பல் அதிகாரிக்குப் போன் போட்டு ராஃப்ட்டை இறக்கச் சொல்லிவிட்டார். தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் காரணம் சொன்னார். பெண்ணின் பேரை எடுக்கவில்லை.

விடிந்ததும் ராஃப்ட் வந்தது. டில்லி சாத்தாங்காட்டுக்குப் பைக்கை விட்டு, இரும்புக் கடையிலிருந்து பெரிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். "கடல்ல வல போட்டு மீன் புடிப்பான். நாம ரப்பர்ல வல போட்டு பின்னு புடிக்கிறோம் மாமு" என்றான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவனும் அடங்கிவிட்டான். நஸ்ரின் வாசல் கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அத்தா தெருவில் ஆட்டோவிலேயே இருந்தார்.

"உள்ள வாம்மா" என்றார் சேவியர் சார். "நீ மடிச்சத நீயே பிரி."

பட்டையை அறுத்தோம். பீப்பாய் திறந்தது. சிலிண்டரையும் பொட்டலங்களையும் வெளியே எடுத்தோம். அவள் மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் நான் காந்தத்தை ஓட்டினேன், அவர் உள்ளங்கையை ஓட்டினார். பவுடர் எழுந்து வெயிலில் மிதந்தது. கடைசி மடிப்பும் விரிந்தது. ஒன்றும் இல்லை. காற்று நிரப்பினோம். அவர் கன்னத்தை வைத்துத் தையல் முழுக்கப் போனார். மறுபடியும் போனார். எங்கேயும் நிற்கவில்லை. காற்று இறங்குகிறதா என்று நெடுநேரம் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முள் அசையவே இல்லை.

குறையே இல்லாத ராஃப்ட். பின் அதில் இல்லை.

அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இருந்திருந்தால் அந்தப் பெண் ஒரு கப்பலைக் காப்பாற்றியவள். இல்லாததால் ஒரு கப்பலைத் தாமதம் செய்தவள். அவள் செய்ததில் எள்ளளவும் மாற்றம் இல்லை. நாங்கள் அவளைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறிப்போயிற்று. டில்லிகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

கப்பல்காரன் வேறு இடத்தில் வாடகைக்கு ராஃப்ட் எடுத்துக்கொண்டு பிந்திக் கிளம்பினான். போனவன் போனவன்தான். மதியம் கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. இந்தப் பெண் இன்றோடு போகட்டும், இனி இங்கே பெண்கள் பயிற்சிக்கு வேண்டாம் என்றார். கல்லூரிக்கும் அப்படியே எழுதச் சொன்னார். சேவியர் சார் எழுத மாட்டேன் என்றார்.

"பின்னு குத்திக்கச் சொன்னது யாரு சார்?"

"குத்தச் சொன்னது நான். எடுத்து வைக்க வேண்டியது அவள்" என்றார் கேப்டன். பிறகு ஆபீஸில் வேறு ஆளை வைத்து எழுதி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேவியர் சார் கல்லூரிக்குப் போனார். நானும் போனேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து ஒன்று எழுதி வந்துவிட்டது, அதை மீறி நாங்கள் மதிப்பெண் போட முடியாது, அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் பயிற்சி எடுக்கட்டும் என்றார்கள். அடுத்த வருஷம் வந்தது. வேறு கம்பெனி வரவில்லை. முதலில் எங்கே பயிற்சி எடுத்தாய், ஏன் விட்டாய் என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். அவளுக்குப் பொய் வராது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு ரம்ஜான் சமயம் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து சிரித்தாள். தலைத்துணியில் ஒரு பின்கூட இல்லை. பின்கழுத்தில் முடிச்சு.

சேவியர் சார் அந்த வருஷத்தோடு வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. பிறகு ராயபுரம் கோயில் திருவிழாவில் ஒருவர் என் தோளைத் தொட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க வெள்ளைத் தாடி. இனிமே இன்னாத்துக்கு நைனா மழிக்கணும் என்றார்.

கார்த்தி, உன் வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறது. இடம் மாறியபோது கேப்டன் மறக்காமல் எடுத்து வந்து மாட்டியது. ஆரஞ்சு ராஃப்ட்டின் மேல் கை வைத்து ஒரு பெண் சிரிக்கிறாள். யாரோ மாடல் என்று நினைத்திருப்பாய். கிட்டப் போய்ப் பார். தலைத்துணியில் நான்கு நீலப் புள்ளி தெரியும். உன் வாசலுக்கு வருகிற பிள்ளைகளை உள்ளே விடு, பெண்களையும்தான். படம் எடுக்கிறவரை வெளியே நிறுத்து. சாயங்காலத் தட்டை யார் கையிலும் கொடுக்காதே, நீயே ஏந்து. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவள் போன அந்த மதியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. அவள் அத்தா இறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சேவியர் சாரின் எதிரில் நின்று, "உண்மைய சொல்லுனு நாந்தான் சார் வளத்தேன். இப்ப இன்னா சொல்லட்டும் அதுக்கு?" என்றார். ஆட்டோக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

நஸ்ரின் செருப்பை மாட்டிக்கொண்டு பையைத் தோளில் போட்டாள். வேலை நேரம் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் சேவியர் சார் உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் பிரிக்க வந்தபோதும் அவள் பழக்கம் மாறாமல் பின்களை அதில் வைத்திருந்தாள். அவர் நடந்து வருகையில் பின்கள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாகச் சத்தம் போட்டன. தினமும் கேட்கிற குரலில், அதே மாதிரி நீட்டிக் கேட்டார்.

"சரியா கீதாம்மா?"

அவள் தட்டைப் பார்த்தாள். அவசரப்படாமல் எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுது சார்."